பெருநாள் மாற்று

என் தம்பி உதயன் தன் வலையைத் துரத்திக்கொண்டு போய்ப் பிடிபட்டவன். கஞ்சா ஏற்றப் போகவில்லை, ஆள் கடத்தப் போகவில்லை. நெடுந்தீவுக்கு மேற்கே அவன் போட்டிருந்த வலையை இந்திய றோலர் ஒன்று வாரி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கடலின் அடியையே சுரண்டிக்கொண்டு போகிற பெரிய விசைப்படகு அது. தன் வலையின் மிதப்புகள் தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போவதைக் கண்டவன் வள்ளத்தைத் திருப்பிப் பின்னாலேயே விட்டிருக்கிறான். மிதப்பைப் பார்த்தானே தவிர எல்லையைப் பார்க்கவில்லை. கடலில் யார் கோடு கீறி வைத்திருக்கிறார்கள்? அந்தப் பக்கத்து ரோந்துக் கப்பல் வந்தது. வலையை இழுத்தவனைப் போகவிட்டு, வலைக்காரனைப் பிடித்தது.

இதை நான் எத்தனை கந்தோர்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தலையாட்டுவார்கள். "பாவம்" என்பார்கள். பிறகு, "எல்லை தாண்டினது தாண்டினதுதானே, தங்கச்சி" என்பார்கள். நான் முன்பள்ளி ஆசிரியை. ஒரு பிள்ளை மற்றதன் பொம்மையைப் பறித்துக்கொண்டு ஓட, பறிகொடுத்தது அழுதுகொண்டு பின்னால் ஓடினால் நான் எந்தப் பிள்ளையைக் கண்டிக்கவேண்டும் என்று அந்தப் பெரிய மனிதர்களிடம் கேட்கவேண்டும் போலிருக்கும். அலுவல் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்பா செத்தபிறகு வள்ளம் அம்மாவின் பெயருக்கு வந்தது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் வள்ளத்துக்கு ஓர் அங்கத்தவர். அதனால் கடலில் காலே வைக்காத என் அம்மா கிறேசம்மா அங்கத்தவர். கடலே கதியென்று கிடந்த உதயன் அங்கத்தவர் இல்லை. அவன் பிடிபட்டபோது அவன் மனைவி துசாரா பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. புதன்கிழமைகளில் அந்த ஊர்ச் சிறையிலிருந்து கொஞ்ச நேரம் கதைக்க விடுவார்கள். அதனால் அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் போன். யாருடைய போன் அடித்தாலும் "அப்பா" என்று கையை நீட்டும். எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவன் திரும்பி வரவேண்டும். வலையும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம், யார் பக்கம் நியாயம் என்ற பேச்சும் வேண்டாம்.

பிள்ளை பிறந்த கையோடுதான் நிலாந்தினி எங்கள் தீவுக்கு வந்தார். விரிகுடா நாடுகளின் மீனவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம், ஆறு நாடுகள் சேர்ந்து நடத்துவது. அதன் கொழும்புக் கந்தோரில் அவருக்கு வேலை. ஆள் புங்குடுதீவு இறுப்பிட்டிப் பிள்ளை என்றபடியால், குறிகட்டுவானில் படகேறி எங்கள் துறையில் இறங்குவதற்குள் பாதி ஊரோடு உறவுமுறை கொண்டாடிவிட்டார். நல்ல பிள்ளை. இதை யார் கேட்டாலும் சொல்லுவேன். எங்களைக் கெடுத்தவர்கள் யாரும் கெட்டவர்களாக இருக்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். வள்ளக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னைப் போன்ற அங்கத்தவரில்லாதவர்கள் சுவரோரம் நின்றோம்.

"பிடிபட்ட சின்ன மீனவர் எல்லாரையும் எல்லா நாடும் விடுறதெண்டு மன்றத்திலை ஒரு திட்டம் இருக்கு" என்றார் நிலாந்தினி. "ஆறு நாடும் ஓமெண்டால்தான் நடக்கும். ஒரு நாடு மாட்டனெண்டாலும் முழுதும் நிண்டுபோம். அதுதான் மன்றத்தின்ர விதி."

"உது எங்கட சங்கத்து விதியெல்லோ பிள்ளை" என்றார் தலைவர் சின்னக்குட்டி அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது மெய். எங்கள் சங்கத்தில் கை உயர்த்த விட்டு எண்ணுகிற பழக்கம் கிடையாது. தேவைப்பட்ட அங்கத்தவர் எழும்பித் தன் வாயால் கேட்கவேண்டும். அவருக்காக இன்னொருவர் கேட்கக் கூடாது. கேட்டபிறகு, விருப்பமில்லாத ஒரே ஒருவர் எழும்பி வெளியே போனாலும் அந்த விஷயம் அத்தோடு சரி. ஏன் போனாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. சின்ன ஊர். எண்ணத் தொடங்கினால் அடுத்த நாள் துறையில் ஆளையாள் முகம் பார்க்க முடியாது.

நிலாந்தினி விளக்கமாகச் சொன்னார். யாழ்ப்பாணச் சிறையில் றோலர்க்காரர் கொஞ்சப் பேர் இருந்தார்கள். அவர்களை விடுவதானால், வலை இழந்த எங்கள் சங்கம் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லவேண்டும். அதைப் பார்த்து அந்தப் பக்கம் உதயனையும் அவனைப் போன்றவர்களையும் விடும்.

"நிபந்தனை ஒண்டு போடலாம்" என்றார். "ரெண்டு பக்கமும் ஒரே நாளிலை விடவேணும் எண்டு. போட்டால் கொஞ்சம் இழுபடும். போடாட்டில் எங்கட பக்கத்து அலுவல் கெதியா முடியும், அதைக் காட்டி மற்ற நாடுகளைக் கேக்கலாம். ஆனா நான் இப்பிடிச் செய்யுங்கோ எண்டு சொல்லமாட்டன். முடிவு உங்கட."

"போடத்தான் வேணும்" என்றார் சின்னக்குட்டி அண்ணை. "றோலர்க்காரனை நம்பி நான் ஒரு முழக் கயிறும் குடுக்கமாட்டன்."

அப்போது அம்மா எழும்பினார். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள, கச்சதீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே அந்தோனியார் பெருநாளுக்கு இரண்டு கரையிலிருந்தும் சனம் வரும். கடவுச்சீட்டு வேண்டாம், அந்தோனியார் விசா கேட்பதில்லை. அங்கு வரும் எங்கள் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, பெருநாள் மாற்று என்று சொல்லுவோம். பனங்கட்டி, புழுக்கொடியல், கருவாடு என்று கையில் இருப்பதைக் கட்டிக்கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுப்போம். திருப்பி என்ன தருவாய் என்று கேட்கக் கூடாது. இன்னது தருவேன் என்று அவளும் சொல்லக் கூடாது. சொன்னால் அது யாவாரம். புனிதரின் முற்றத்தில் யாவாரம் செய்த குற்றம் வந்து சேரும். அடுத்த பெருநாளுக்கு அவள் ஒரு சேலையோ சில்வர் பானையோ கொண்டுவந்து தருவாள். முதலில் கொடுப்பவருக்கு அந்தோனியார் பொறுப்பு என்பது பேச்சு.

அம்மாவுக்கு அந்தக் கரையில், தங்கச்சிமடத்தில் ஒரு பெண் இருந்தாள். அம்மா கலியாணம் கட்ட முந்தி ஒரு பெருநாளில் அவளுக்குப் பனங்கட்டி கொடுத்தவர். அடுத்த வருசம் சண்டை தொடங்கிப் பெருநாள் நின்றுபோனது. அது திரும்பத் தொடங்கிய வருசம், தலை நரைத்த பெண் ஒருத்தி மடித்த சேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நெடுந்தீவு கிறேசு யாரு, கிறேசு யாரு" என்று சனம் விரித்திருந்த பாய் பாயாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அம்மா அன்று அழுத அழுகையை நான் பார்த்தேன். அதன்பிறகு என் அம்மாவிடம் போய், உலகத்தில் நம்பிக்கை இல்லை என்று யார் சொன்னாலும் எடுபடாது.

சங்கத்தில் அம்மா சொன்னார்: "சின்னக்குட்டி அண்ணை, குடுக்கிறதெண்டால் குடுத்துவிடவேணும். கையிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, நீ தா அப்ப நான் தாறன் எண்டால் அது எங்கட பழக்கமில்லை. அங்கையும் தாய்மார் இருக்கினம். முதல் நாங்கள் விடுவம். வாங்கினவை சும்மா இருக்கமாட்டினம். எனக்கு என்ர பிள்ளை வேணும். நிபந்தனை இல்லாமல் விடச் சொல்லி உங்களைக் கேக்கிறன்."

எல்லாருடைய கண்ணும் மேரிசுகந்தியிடம் போனது. மேரிசுகந்தி புருசன் இல்லாதவள், மகன் கிறிஸ்ரியும் ஒரு வள்ளமும்தான் அவளுக்குச் சொத்து. றோலருக்கு வலை பறிகொடுத்து, கடன்பட்டு வாங்கி, அதையும் பறிகொடுத்து, மறுபடி வாங்கியிருந்தாள். அவள் எழும்பிப் போனால் அதில் ஒருவரும் பிழை காணமாட்டார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"கிறேசக்காவின்ர பெடியனுக்காக" என்றாள். "வேறை ஆரும் கேட்டிருந்தால் நான் எப்பவோ போயிருப்பன்."

ஒருவரும் போகவில்லை. நிபந்தனையும் போடவில்லை. சின்னக்குட்டி அண்ணை மட்டும், "சரி, அந்தோனியார் பாத்துக்கொள்ளட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வழியெல்லாம் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

சித்திரை பிறக்க முதல் அந்த றோலர்க்காரர்களை விட்டுவிட்டார்கள். அவர்கள் ஊர்போய்ச் சேர்ந்து மாலை போட்டுக்கொண்டு நிற்பதை ரிவியில் காட்டினார்கள். அம்மா கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு தாய் மகனின் முகத்தைத் தடவித் தடவிக் கொஞ்சினாள். "பாத்தியே, பெடியன் நல்லா மெலிஞ்சு போனான்" என்று அம்மா அந்த ஊர்பேர் தெரியாதவனுக்காகக் கவலைப்பட்டார். துசாரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இனி எங்கள் முறை என்று சிரித்தாள்.

எங்கள் முறை வரவில்லை. மன்றத்தின் கூட்டம் தள்ளிப்போனது. ஆறு நாடுகளில் இரண்டுக்கு இடையில் எங்கோ காட்டுக்குள் ஓர் எல்லைத் தகராறாம். மீனைப் பற்றிய தகராறுகூட இல்லை. தகராறு தீரும்வரை அவர்கள் ஒரே மேசையில் இருக்கமாட்டார்களாம். என் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இப்படி முரண்டு பிடித்தால் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு நானே இருந்துவிடுவேன். நாடுகளுக்கு அப்படிப் போய் இருக்க ஆள் இல்லைப்போலும். ஆள் இல்லாமலில்லை, நிலாந்தினியைப் போல நூறு பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். கதிரைதான் இல்லை.

"அன்ரி, அடுத்த மாசம் எண்டினம்" என்பார் நிலாந்தினி போனில். அடுத்த மாதமும் அதையே சொல்லுவார். ஒருமுறை, "உங்கட சங்கத்தின்ர நல்லெண்ணத்தை எல்லா நாடும் பாராட்டினது, அன்ரி" என்றார்.

"பாராட்டை வைச்சு நான் என்ன பிள்ளை செய்யிறது?" என்றார் அம்மா. "அவன் எப்ப வருவான்? அதைச் சொல்லும்."

இதற்கிடையில் அந்தப் பக்கத்து நீதிமன்றம் உதயனுக்குத் தண்டனை எழுதிவிட்டது. வருசக் கணக்கு. புதன்கிழமை கதைக்கும்போது அவனே சொன்னான், ஏதோ வேறு யாருக்கோ நடந்ததைப் போல. "பரவாயில்லை அம்மா, மன்றம் இருக்குத்தானே" என்றும் சொன்னான். மன்றம் என்ற சொல்லை நாங்கள்தான் அவனுக்குப் பழக்கியிருந்தோம்.

மாரி முடிந்து கடல் அடங்க, றோலர்கள் வந்தன. எப்போதும் வருவதுதான், இந்தமுறை இன்னும் கரையை அண்டி வந்தன. கரையில் நின்றால் விளக்குகள் ஓர் ஊர் மாதிரித் தெரியும். விடுதலையாகிப் போன அதே ஆட்கள்தான் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஊர் ஆதாரம் கேட்கவில்லை. "நாங்கள் விட்டவை வந்திட்டினம்" என்று துறையில் கதைத்தார்கள், அம்மா அந்தப் பக்கம் போனால் கதையை நிறுத்தினார்கள்.

பிறகு ஒரு நாள் மேரிசுகந்தியின் வலை முழுதும் போனது. அன்றைக்கே கடற்படை ஒரு றோலரை மடக்கியது. அதில் பதினொரு பேர். அவர்களுடைய இழுவை வலையின் மடிக்குள், மீனோடு மீனாக, மேரிசுகந்தியின் வலை கிழிந்து குவியலாகக் கிடந்தது. அதை அடையாளம் காட்ட அவளையும் கிறிஸ்ரியையும் யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அடையாளம் காட்டிவிட்டு வந்த கிழமையே கிறிஸ்ரி கொழும்புக்கு, ஏதோ கடையில் மூட்டை தூக்கப் போய்விட்டான். மேரிசுகந்தி அம்மாவோடு கோபிக்கவில்லை. வழியில் கண்டால் முன்னைப்போல, "சாப்பிட்டியளே கிறேசக்கா" என்றாள். கோபித்திருந்தால் அம்மாவுக்கு இரவில் நித்திரை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வருசம் கச்சதீவுப் பெருநாளுக்கு அந்தக் கரையிலிருந்து ஒரு படகும் வரவில்லை. பதினொரு பேரைப் பிடித்ததற்கு எதிர்ப்பாம், பெருநாளைப் புறக்கணித்துவிட்டார்கள். அம்மா வழக்கம்போலப் பாயை விரித்து, கட்டிக்கொண்டு போன பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சிலுவைப்பாதை முடிந்தது. அந்தோனியாரின் சொரூபம் வைத்த கூடு சுற்றி வந்தது. எங்கள் சனம் மட்டும் பாடியதால் பாட்டு மெலிவாகக் கேட்டது. கடற்படைப் பெடியள் வரிசையாக நட்டுவைத்த கழிவறைகள் பாதிக்கு மேல் பூட்டியபடி இருந்தன. அம்மா பொதியைத் திரும்பக் கொண்டுவந்து குசினிக்குள் வைத்தார்.

"தங்கச்சிமடத்தாளும் வரேல்லை" என்றார். "அவளாவது வருவாள் எண்டு நினைச்சன்."

தவக்காலத்தில் நிலாந்தினி மறுபடி வந்தார். அன்றைக்குக் கடல் மோசம், படகில் சத்தி எடுத்து முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் சொன்னார்: "அன்ரி, இந்தமுறை மெய்யா வந்திட்டுது. அந்த ரெண்டு நாடும் கூட்டத்துக்கு வாறமெண்டிட்டினம். ரெண்டு பக்கமும் ஒரே நாளிலை விடவேணும் எண்டு மன்றமே எழுதியிருக்கு. உதயன்ர பேர் இருக்கு, நான் என்ர கண்ணாலை பாத்தனான். வெள்ளிக்கிழமை ஆறு நாடும் கூடுது. எல்லா நாட்டுச் சங்கங்களும் சொல்லிப்போட்டுது. உங்கட சங்கம்தான் மிச்சம்."

"இஞ்சை இருந்து ஆரை விடுறது?" என்று கேட்டார் அம்மா.

நிலாந்தினி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு விளங்கிவிட்டது.

"அந்தப் பதினொரு பேரை, அன்ரி. இப்ப உள்ளுக்குள்ளை இருக்கிறது அவைதான்."

நான் என் மனத்தில் இருந்ததை ஒளிக்கப் போவதில்லை. பதினொரு பேரில்லை, நூற்றுப்பதினொரு பேரை விட்டாலும் எனக்கு என் தம்பி வேண்டும் என்றுதான் இருந்தது. மேரிசுகந்திக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து வலை வாங்கிக் கொடுக்கலாம். கிறிஸ்ரியைத் திரும்பக் கூப்பிடலாம். உதயன் வந்தால் அவனே அவளுக்கு உழைத்துக் கொடுப்பான். இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். துசாரா அலுமாரியிலிருந்து உதயனின் சேட்டுகளை எடுத்து வெயிலில் போட்டாள். அம்மா பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

கட்டடம் நிறைந்திருந்தது. மேரிசுகந்தி முன்வரிசையில் இருந்தாள். வள்ளம் கரையில் கவிழ்த்துக் கிடந்தாலும் அவள் இன்னும் அங்கத்தவர்தான். நிலாந்தினி விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, வெளியே போய் மரநிழலில் நின்றார். சின்னக்குட்டி அண்ணை அம்மாவைப் பார்த்து, "கிறேசம்மா, கேக்கிறதெண்டால் கேளும்" என்றார். குரலில் குத்தல் இல்லை. அவரும் அன்று உதயன் வரவேண்டும் என்றுதான் இருந்தார், அது முகத்தில் தெரிந்தது.

அம்மா எழும்பினார். மேரிசுகந்தி இருந்தபடியே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேளுங்கோ கிறேசக்கா" என்றாள். "என்னைப் பாத்து யோசியாதையுங்கோ. நான் எழும்பமாட்டன்."

அதைச் சொல்லும்போது அவள் கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை நான் சுவரோரத்திலிருந்தே கண்டேன். அம்மா பக்கத்திலிருந்து கண்டிருப்பார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருவர் இருமினார். வெளியே நிலாந்தினியின் போன் அடித்து நின்றது. அம்மா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

"கேக்கேல்லையோ?" என்றார் சின்னக்குட்டி அண்ணை.

அம்மா தலையை ஆட்டினார், இல்லையென்று.

சுவரை விட்டு நடுவில் வந்து, "நான் கேக்கிறன்" என்றேன். "என்ர தம்பி. நான் கேக்கிறன்."

"நீர் அங்கத்தவர் இல்லை, பிள்ளை" என்றார் சின்னக்குட்டி அண்ணை.

"அப்ப நீங்கள் கேளுங்கோ அண்ணை."

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேக்க ஏலாது. உமக்குத் தெரியாதே?" அவர் அம்மாவிடம் குனிந்தார். "கிறேசம்மா, ஒரு சொல்லு. ஒருத்தரும் எழும்பமாட்டினம். நான் சொல்லுறன்."

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் ஒருவராகப் போகத் தொடங்கினார்கள். அது எதிர்ப்பு இல்லை, கூட்டம் முடிந்துவிட்டது. மேரிசுகந்தி மட்டும் கடைசிவரை இருந்தாள். இருந்து, அம்மாவின் தோளில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவர் யாரையும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நான் வாயை அடக்கவில்லை. "நீங்கள் பெத்த தாயோ?" என்று கேட்டேன். ஊர் கேட்கட்டும் என்று உரத்துத்தான் கேட்டேன்.

"அவள் மறிச்சிருந்தால் நான் காலிலை விழுந்து கேட்டிருப்பன்" என்றார் அம்மா. "மறிக்கேல்லை. ஒருக்கா என்ர சொல்லைக் கேட்டு எல்லாத்தையும் துலைச்சவள், ரெண்டாந்தரமும் தாறன் எண்டு நிக்கிறாள். அதை வாங்க எனக்குக் கை வரேல்லை யூலியட். வாங்கியிருக்கவேணும். தெரியும். வரேல்லை."

வெள்ளிக்கிழமை ஆறு நாடுகளும் கூடின. தகராறுபட்ட இரண்டு நாட்டாரும் ஒரே மேசையில் இருந்தார்களாம், கைகூடக் கொடுத்தார்களாம். எங்கள் சங்கத்தின் சம்மதம் இல்லாததால் எங்கள் அரசு கையெழுத்து வைக்கவில்லை. ஒரு நாடு வைக்காததால் மற்ற ஐந்தும் வைக்கவில்லை. எங்கோ பேர் தெரியாத துறைகளில், எங்கள் பாசை விளங்காத தாய்மாரும் சேட்டுகளை வெயிலில் போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் யார் என்ன காரணம் சொன்னார்களோ தெரியாது. நிலாந்தினி போனில் அழுதார். திட்டத்தை மன்றம் மூடிவைத்துவிட்டது என்றார். தன்னை வேறு பிரிவுக்கு, பவளப்பாறைகளைப் பார்க்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

புதன்கிழமை உதயனின் போன் வந்தது. எப்போதும் துசாராதான் முதலில் எடுப்பாள். அன்று அம்மா கையை நீட்டி வாங்கினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"என்னவாம் அம்மா?" என்றான். குரல் உற்சாகமாக இருந்தது. அங்கே யாரோ அவனுக்கு, பட்டியலில் அவன் பேர் இருக்கிறது என்று முதலே சொல்லிவிட்டார்கள். "எந்த நாளாம்?"

"இல்லை தம்பி. நிண்டுபோச்சு."

"ஏன்? ஆர் எழும்பிப் போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. நான் கேக்கேல்லை."

"விளங்கேல்லை அம்மா. என்ன கேக்கேல்லை?"

"உன்னைக் கேக்கேல்லை" என்றார் அம்மா. "எழும்பினனான். கேக்க ஏலாமல் போச்சு. மேரியக்கா எழும்பமாட்டன் எண்டுதான் சொன்னவ. மற்ற ஆக்களும் ஓமெண்டுதான் இருந்தவை. நான்தான் கேக்கேல்லை, தம்பி."

அந்தப் பக்கத்தில் யாரோ இந்தியத் தமிழில் நேரம் முடிகிறது என்று சொல்லுவது கேட்டது. துசாரா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

"சரி அம்மா" என்றான். போன் நின்றது.

துசாரா அந்தக் கிழமையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த புதன்கிழமை அம்மா காலையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அடிக்கவில்லை. துசாராவுக்கு எடுத்திருப்பான் என்று நினைத்து அவளைக் கேட்டேன், அங்கேயும் எடுக்கவில்லை. அதற்கடுத்த புதனும் எடுக்கவில்லை. பயந்துபோய் நிலாந்தினியைப் பிடித்தேன். தன் வேலை அதுவல்ல என்றாலும் அவர் யார் யாரிடமோ விசாரித்து எனக்குச் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் சுகமாக இருக்கிறானாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறானாம். கதைக்கக் கூப்பிட்டால் மட்டும், தனக்கு இலங்கையில் ஒருவரும் இல்லை என்று சொல்லுகிறானாம்.